மாக்னா கார்ட்டா படிக்கிறீர்களா? வரிவிதிப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எம்.ஏ. வரலாறு முதல் ஆண்டில் இங்கிலாந்து அரசியலமைப்பு வரலாற்றுத் தாள் எனக்குப் பிடிபடவே இல்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வில் மாக்னா கார்ட்டா பற்றிக் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்து மன்னர் ஜான் தன் பிரபுக்களுக்குக் கொடுத்த உரிமைச் சாசனம் அது. 1215, ரன்னிமீட், ஜான் மன்னர், மக்களாட்சியின் பிறப்பு என்று நான்கு பக்கம் எழுதினேன். ‘மக்களாட்சி’ என்ற சொல்லை வட்டமிட்டு, “எந்தப் பிரிவில்?” என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார் ஆசிரியர். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே நூலகத்தில் 63 பிரிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை அகற்றச் சொல்கிறது 33ஆம் பிரிவு. மதுவுக்கும் தானியத்துக்கும் நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்கிறது 35. நான் தேடிப் போனது கிடைக்கவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பணத்தகராறு கண்ணில் பட்டது. ஜான் 1204இல் பிரான்ஸ் மன்னரிடம் நார்மண்டியை இழந்தார். அதை மீட்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். போருக்கு வராத பிரபுக்களிடம் வாங்கும் கேடய வரியை அடிக்கடி விதித்தார். 1214இல் பிரான்ஸ் மன்னருக்கு எதிரான பூவின் போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றார்கள். கொட்டிய பணமெல்லாம் வீண். அடுத்த ஆண்டே பிரபுக்கள் அவரை ரன்னிமீட் புல்வெளிக்கு வரவைத்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியோடு 12, 14 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் கேடய வரி கூடாது என்கிறது 12. சரி, அந்த ஆலோசனையை எப்படிக் கேட்பது? அதற்குத்தான் 14. குறைந்தது 40 நாள் முன்பே அழைப்பு போக வேண்டும். நாள், இடம், எதற்காகக் கூடுகிறோம் என்ற காரணம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். எல்லோரும் வராவிட்டாலும், வந்தவர்களை வைத்து முடிவெடுக்கலாம். ஓர் அவை நடக்கும் முறையே இங்கே உருவாகிறது என்று தோன்றியபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

இங்கே ஓர் இடத்தில் கவனம் தேவை. போப் மூன்றாம் இன்னொசென்ட் அந்த ஆகஸ்டிலேயே சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். 1216இல் மறுபடி வெளியிட்டபோது 12, 14 இரண்டும் நீக்கப்பட்டன. அதனால் ‘சாசனத்திலிருந்து நேராகப் பாராளுமன்றம் வந்தது’ என்று எழுதாதீர்கள். பிரிவுகள் போனாலும் பழக்கம் நிலைத்தது. 1225இல் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி சாசனத்தை மீண்டும் உறுதிசெய்ததற்கு ஈடாக, அசையும் சொத்தில் 15இல் ஒரு பங்கு வரியாகக் கிடைத்தது. 1265 ஜனவரியில், அரசரை எதிர்த்த பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் கூட்டிய அவைக்கு மாவட்டங்களின் நைட்டுகளோடு (வீரர் பட்டம் பெற்ற நிலக்கிழார்கள்) நகரங்களின் பிரதிநிதிகளும் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈவ்ஷாம் போரில் அவர் கொல்லப்பட்டார். அவர் காட்டிய வழியைப் பின்னால் அரசரே எடுத்துக்கொண்டார்.

1295க்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பாடநூல்கள் ‘மாதிரிப் பாராளுமன்றம்’ என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். முதலாம் எட்வர்டு அனுப்பிய அழைப்பாணையைப் பாருங்கள்: வருகிறவர்கள் தங்களுக்காகவும் தங்கள் ஊருக்காகவும் முடிவெடுக்கும் முழு அதிகாரத்தோடு வர வேண்டும். வரிக்கு ஒப்புக்கொண்டு திரும்பிய பிறகு, ‘நாங்கள் சம்மதிக்கவில்லையே’ என்று ஊர் சொல்லக் கூடாது. அரசரின் கவலை அதுதான். ஒருவரின் சொல் ஊரையே கட்டுப்படுத்தும் என்ற இந்த ஏற்பாட்டில்தான் பிரதிநிதித்துவம் இருக்கிறது. இரண்டே ஆண்டில், 1297இல், பொதுச் சம்மதம் இல்லாமல் புதிய வரிகளை வாங்க மாட்டேன் என்று அதே எட்வர்டு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

இன்னும் இரண்டு. ஜான் சாசனத்தில் கையெழுத்திடவில்லை, முத்திரைதான் இடப்பட்டது. 39ஆம் பிரிவின் பாதுகாப்பு ‘சுதந்திர மனிதருக்கு’ மட்டும். நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவர்கள் அதில் சேரவில்லை.

ஆண்டுத் தேர்வில் 1295 பற்றிய கேள்வியே வந்தது. அந்த அழைப்பாணையிலிருந்து விடையைத் தொடங்கி, பின்னோக்கி 14ஆம் பிரிவின் 40 நாள் வரை போனேன். ‘மக்களாட்சி’ என்ற சொல் எனக்குத் தேவைப்படவே இல்லை.