கரி பூஜ்யம் எடுத்த ஆட்டம்

பெங்களூரு ஹலசூரில் நான் பாஸ்கெட்பால் கோச்சிங் கொடுக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க வீரர் ஸ்டெஃபன் கரி என்றால் உயிர். பாதி கோர்ட்டிலிருந்து பந்தை எறிந்துவிட்டு, விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி ஓடுவார்கள். "அக்கா, கரி ஷாட்!" பந்து பெரும்பாலும் சுவர் தாண்டிப் போய்விடும். நான் அவர்களுக்கு ஸ்கூல் கரியையும் காலேஜ் கரியையும் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்பா டெல் கரி, அமெரிக்காவின் பெரிய பாஸ்கெட்பால் லீகான என்பிஏவில் 16 சீசன் ஆடியவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும், சார்லட்டில் பள்ளியில் ஆடிய நாட்களில் பையன் ஒல்லிக்குச்சி. பந்தை இடுப்பருகிலிருந்து தூக்கிப் போடுவான்; உயரமான பையன்கள் சுலபமாகத் தட்டிவிடுவார்கள். பதினோராம் வகுப்புக்கு முந்தைய கோடை லீவில் அப்பா அந்த ஷாட்டையே கலைத்துவிட்டு, தலைக்கு மேலிருந்து விடப் பழக்கினார். பழையதும் போய், புதியதும் கைக்கு வராமல், ரிங்குக்குப் பக்கத்தில் நின்றுகூடப் போட முடியாமல் தவித்தான். மாற்றிய ஷாட் படிய ஒரு லீவு முழுக்கப் போனது. என் பிள்ளைகள் ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா படித்த வர்ஜீனியா டெக் ஸ்காலர்ஷிப் தரவில்லை. 2000 மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் காலேஜில் கரி சேர்ந்தார். 2006-ல் முதல் ஆட்டத்திலேயே 13 டர்ன்ஓவர், அதாவது 13 முறை பந்தை எதிரணியிடம் விட்டார். அதற்குப் பிறகும் கோச் பாப் மெக்கிலப் அவரை நம்பி இறக்கினார். அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 பாயின்ட். 2008-ல் என்சிஏஏ என்ற அமெரிக்கக் காலேஜ் தொடரில் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்று பெரிய டீம்களை டேவிட்சன் வரிசையாகச் சாய்த்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. கன்சாஸிடம் 59-57 என்று தோற்றார்கள், அந்தக் கன்சாஸ்தான் கோப்பையையும் வென்றது.

எனக்குப் பிடித்தது வேறொரு ஆட்டம். 2008 நவம்பர், எதிரே மேரிலாண்டின் லயோலா காலேஜ். ஆட்டம் முழுக்க இரண்டு பேர் கரியோடு ஒட்டிக்கொண்டார்கள். பந்து கையில் இல்லாதபோதும் விடவில்லை. அந்த வருஷம் நாட்டிலேயே அதிக சராசரி வைத்திருந்தவர், ஆட்டத்துக்கு 28.6 பாயின்ட். அவர் மூலையில் போய் நின்றுகொண்டார். அவரோடு அந்த இருவரும் மூலையிலேயே மாட்டிக்கொள்ள, மீதிக் கோர்ட்டில் டேவிட்சனுக்கு நாலு பேர், லயோலாவுக்கு மூணு பேர். டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது. கரி எடுத்தது பூஜ்யம். ஆட்டம் மொத்தத்திலும் ரிங்கைப் பார்த்துப் போட்டதே மூன்று முறைதான்.

இருபது வயசுப் பையன். என்பிஏ ஆட்கள் கவனித்துக்கொண்டிருக்கும் நேரம். மூலையில் நிற்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! 2009-ல் என்பிஏ டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, ஏழாவது ஆளாக கோல்டன் ஸ்டேட் டீம் அவரை எடுத்தது.

இங்கே செலக்‌ஷன் ட்ரையலில் யார் எத்தனை போட்டார்கள் என்றுதான் குறிக்கிறார்கள். மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவள் ஸ்க்ரீன் நின்றால், அதாவது எதிராளியின் வழியை மறித்து நின்றால், எங்கள் ஷூட்டருக்கு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் கிடைக்கும். தோளை இறுக்கி, காலை ஊன்றி, மோதினாலும் அசையாமல் நிற்பாள். ட்ரையலில் அவள் பெயர் வரவில்லை. போட்டது இரண்டே பாயின்ட். காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் கிடைத்தால்தான் அந்த வீட்டில் மேலே படிக்க வைப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் அவளுடைய அம்மா வந்திருந்தார். "ஏன் மேடம், என் பொண்ணு பந்தே போட மாட்டேங்குறாளே, அவளை எதுக்குக் கடைசி வரைக்கும் ஆட வைக்கிறீங்க?" என்று கேட்டார். லயோலா ஆட்டத்தைத்தான் சொன்னேன், கோர்ட்டில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போட்டு. அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை மாட்ச் இருக்கு, வாங்க. பந்தைப் பார்க்காதீங்க, அவளை மட்டும் பாருங்க" என்றேன். வேலைக்குப் போகிற வீட்டில் அரைநாள் லீவு கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.