நெஞ்சு முட்ட காத்து வேண்டாம்

ரெண்டு மாசமா சேலத்துல எங்க மொட்டை மாடில நான் கிளாரினெட்ல, அதாவது ஊதுற குழல் வாத்தியத்துல, பழகுறது ராக்மனினாஃப்ங்கிற ரஷ்ய இசையமைப்பாளரோட ரெண்டாவது சிம்பொனி, மூணாவது மூவ்மென்ட்ல (பகுதில) வர்ற சோலோதான். அடாஜியோ, அதாவது மெதுவான நடை, நிறுத்தவே இடம் குடுக்காம நீண்டுகிட்டே போகும், அவ்ளோ அழகு.

நான் பண்ணின தப்பு என்னன்னா, ஆரம்பிக்கும் முன்னாடி நெஞ்சு முட்ட காத்தை இழுத்துக்குவேன். ரீடுக்கும் (ஊதினா அதிருற மெல்லிய நாணல் பட்டை) மவுத்பீஸுக்கும் (வாய் வைக்கிற முனை) நடுவுல இருக்குற இடுக்கு ரொம்ப சின்னது, காத்து கொஞ்சமாத்தான் போகும், அதனால பாதிலயே திணறும், ஆனா உள்ள காத்து தீர்ந்திருக்காது, பழைய காத்து தேங்கி நிக்கும், அதுமேல இன்னும் இழுத்தா தோள் ஏறி தொண்டை இறுகி சுரம் நடுங்கிடும். இப்போ முதல்ல மிச்சத்தை வெளிய விட்டுட்டுத்தான் எடுக்குறேன், நோட்டுல மூச்சு மாத்துற ஒவ்வொரு இடத்துலயும் பென்சில்ல ரெண்டு குறி, ஒண்ணு விட, ஒண்ணு எடுக்க.

போன வாரம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுல அத்தை வீட்டுக்குப் போனேன். காலைக் குளிர்ல சுருதி இறங்கிடுச்சு, சத்தமில்லாம சூடா ஊதி ஊதித்தான் ஏத்தினேன். சமையல்கட்டுல இருந்து அத்தை, "கண்ணு, அந்த எடத்துல மூச்சு சத்தம் கேக்குதே"ன்னாங்க. சரியா குறி போட்ட மூணாவது இடம். அங்க இன்னும் அவசரப்படுறேன்.