விபத்து இடத்தில் முதல் பத்து நிமிடம்: மே மாதக் குறிப்புகள்

மே 5
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பள்ளிகொண்டா பக்கம் மதியத்தில் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. இந்த வெயிலிலும் ரத்தம் இழந்தவரின் உடம்பு சில்லிட்டுப் போகும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ரத்தம் சரியாக உறையாது. கட்டுப்போட்ட காயமும் கசியும். ஆகவே நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே ஏசியை நிறுத்துங்கள். நனைந்த துணியை வெட்டியெடுத்து, துடைத்து, போர்வை போர்த்துங்கள். நமக்கு வேர்க்கட்டும், பரவாயில்லை.

மே 8
ரத்தம் பீய்ச்சியடித்தால் சுவாசப்பாதைக்கும் முன்னால் அதைத்தான் நிறுத்த வேண்டும். கை, கால் என்றால் டூர்னிக்கெட், அதாவது கம்பைத் திருகி இறுக்கும் பட்டை: காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து. பேன்ட் பாக்கெட்டில் செல்போன், சாவி இருந்தால் முதலில் எடுங்கள்; பட்டை அதன்மேல் ஏறினால் இறுகாது. ரத்தம் நின்று, கீழே நாடி அடங்கும்வரை கம்பைத் திருகி, நேரத்தை எழுதுங்கள். நிற்கவில்லையா, அதற்கு மேலே இன்னொன்று.

108 வருவதற்குள் யாராவது துண்டாலோ கயிற்றாலோ கட்டியிருப்பார்கள். உதவ வந்தவர்கள்தான், கோபிக்க வேண்டாம். ஆனால் அரைகுறை இறுக்கத்தில் சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தம் இன்னும் கூடுதலாகப் போகும். நம்முடையதை இறுக்கிய பிறகே அதை அவிழ்க்க வேண்டும்.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் டூர்னிக்கெட் போட முடியாது. காஸ் துணியை ரத்தம் வரும் அடிவரை திணித்து அழுத்துங்கள். சாதாரண காஸ் என்றால் பத்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. வண்டி ஓடும்போதும் கை அங்கேயே இருக்கட்டும்.

மே 13
தலைக்காயத்தில் இரண்டு எண்கள்: சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதத்துக்கும், மேல் பிபி (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 110-க்கும் கீழே போகக் கூடாது. ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) பிடிப்பவர் பதற்றத்தில் வேகமாக அமுக்குவதுதான் பெரிய கேடு. கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். பெரியவர்களுக்கு ஆறு வினாடிக்கு ஒரு அமுக்கு, வாய்விட்டு எண்ணியபடி. மார்பு எழும்பினால் போதும்.

மே 17
இடுப்பெலும்பு உடைந்தவருக்குக் கட்டும் இடுப்புப் பட்டையைப் பலர் பெல்ட் கட்டும் உயரத்தில் கட்டுகிறார்கள். அது தப்பு. தொடையெலும்பு பக்கவாட்டில் புடைக்கும் இடத்தில் வர வேண்டும். இடுப்பை ஆட்டிப் பார்க்காதீர்கள், உறைந்த ரத்தம் பெயரும்.

சலைன் ஒரு தடவைக்கு 250 மில்லி மட்டும். தலைக்காயம் இல்லாதவருக்கு மணிக்கட்டில் நாடி கிடைத்ததும் நிறுத்தலாம். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில், காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள். இதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம், ஊசி போகும் வழியிலேயே.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேறெங்கோ, கிளம்பும்போதே போன் செய்யுங்கள்: எப்படி அடிபட்டது, எங்கே காயம், நாடி, பிபி, நினைவு, டூர்னிக்கெட் போட்ட நேரம்.