இழுத்துப் போட்ட கோப்பு எங்கே போனது?

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர்களிடம் ஓயாமல் வரும் புகார் ஒன்று உண்டு. ஃபோல்டரை நகலெடுப்பதாக நினைத்து இழுத்துப் போட்டிருப்பார்கள். பழைய இடத்தில் அது இருக்காது. விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலாகும். கை செய்வது ஒன்றுதான், விளைவோ இரண்டு. மேசைமேல் இருக்கும் காகிதம் ஒருநாளும் இப்படி நடந்துகொள்ளாது.

திரையையே மேசையாகக் காட்டும் உருவகத்தோடு 1981இல் விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆவணத்தைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் 'நகர்த்து' அல்லது 'நகலெடு' விசையை அழுத்தி, பிறகு சேர வேண்டிய இடத்தைச் சுட்ட வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி, மௌஸால் இழுத்து விடுவதைப் பரவலாக்கியது. கற்க எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் அந்தத் தெளிவு போய்விட்டது. அது பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

இத்தனைக்கும் மேசையைப் படமாகக் காட்டும் இந்தத் திரை மலிவாகக் கிடைத்ததல்ல. ஸ்டாருக்கு முன்னோடியான, ஜெராக்ஸின் 1973ஆம் ஆண்டு ஆல்டோ கணினியின் திரையில் 606 × 808 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட். திரைப் படத்துக்கு மட்டுமே சுமார் 60 கிலோபைட். அடிப்படை நினைவகமான 128 கிலோபைட்டில் ஏறக்குறையப் பாதி!

விண்டோஸில் இழுக்கும்போது சந்தேகம் வந்தால் மௌஸின் வலது பொத்தானை அழுத்தியபடி இழுங்கள். விட்டதும் நகலா நகர்த்தலா என்று மெனு கேட்கும். இடது பொத்தானால் இழுக்கும்போது கன்ட்ரோல் விசை நகலையும் ஷிஃப்ட் விசை நகர்த்தலையும் உறுதிசெய்யும். தவறிவிட்டால் வேறெதுவும் செய்யும் முன் கன்ட்ரோல்-இசட் அழுத்துங்கள், செய்தது ரத்தாகும்.

ரீசைக்கிள் பின்னிலும் இதே சிக்கல்தான். அழித்த கோப்பு அதே டிரைவில்தான் கிடக்கிறது. பின்னைக் காலி செய்யாமல் அது பிடித்த இடம் திரும்பாது. நெட்வொர்க் டிரைவிலிருந்து அழித்ததோ பெரும்பாலும் பின்னுக்கே வராது, நேராகப் போய்விடும்.

டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான், வழக்கமாக சி டிரைவில் இருக்கும். அந்த டிரைவை ஃபார்மட் செய்தால் அங்குள்ளவையும் போகும். ஃபைல் எக்ஸ்புளோரரில் டெஸ்க்டாப் ஃபோல்டரின் பண்புகளைத் திறந்து, அது உண்மையில் எங்கே இருக்கிறதென்று பார்த்து, வெளி டிரைவில் ஒரு நகல் எடுத்துவைத்த பிறகே ஃபார்மட்டில் கைவையுங்கள்.