ஒரு பெட்டி, இரண்டு ஆட்டக்காரர்கள்

அக்கா மகன் கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கேமிங் கணினி. கடையில் கட்டி வைத்ததை வாங்காமல், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து நாமே பூட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. நாற்பத்து மூன்று வயதில் எனக்கும் அந்த ஆசை இருந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "பையன் படிப்புக்கு" என்று மனைவியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். பாதி அக்கா, பாதி நான். மொத்தம் ஒரு லட்சம். இது 2024 ஜூலையில்.

மறுநாளே முதல் பட்டியலை எழுதிக்கொண்டு வந்துவிட்டான். படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 4070, ஒன்றே பாதிப் பணத்துக்கு மேல் விழுங்கியிருந்தது. மிச்சத்தில் மற்றதெல்லாம் பட்டினி கிடந்தது. எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் "கேபினெட்டோடு வருவது" என்று எழுதியிருந்தான். மானிட்டர் என்ற இடத்தில் "வீட்டில் இருப்பது". வீட்டில் இருப்பது 22 அங்குலம், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அறுபது முறை படம் மாறும்), ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு வேறு.

"மாப்பிள்ளை, இதில் என்ன விளையாடப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"வாலரண்ட், மாமா."

அந்த இடத்தில்தான் பட்டியல் உடைந்தது. வாலரண்ட் சாதாரணக் கணினியிலும் ஓட வேண்டும் என்றே உருவாக்கப்பட்ட விளையாட்டு. அதில் பளு விழுவது பெரும்பாலும் கணினியின் மூளையான பிராசசர் மேல். கார்டு நொடிக்கு 300 பிரேம், அதாவது 300 படம், தயாரித்துக் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரை அறுபதைத்தான் காட்டும். அண்டா நிறையச் சமைத்துவிட்டு ஒற்றைக் கரண்டியால் பரிமாறுவது போல. எனக்குப் பிடித்த எல்டன் ரிங் என்ற விளையாட்டு வேறு ரகம். கணினியில் அது நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் போகாது. உருவாக்கியவர்களே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேகம் வேண்டாம், படம் அழகாக இருந்தால் போதும். அவனுக்கு அழகு வேண்டாம், வேகம் வேண்டும். ஒரே பெட்டி இரண்டு பேருக்கும் உழைக்க வேண்டும்.

அதனால் திரையிலிருந்து தொடங்கினோம். இதை முதலில் சொல்லித்தந்திருந்தால் ஆறு பட்டியல்கள் மிச்சமாகியிருக்கும். 1080 வரிசைப் புள்ளிகள் உள்ள திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். 1440 திரையில் 36,86,400. கார்டு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை செய்ய வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16.7 மில்லி நொடி இருக்கும். 165 ஹெர்ட்ஸில் அது 6 மில்லி நொடி. 27 அங்குலம், 1440, 165 ஹெர்ட்ஸ் என்ற மானிட்டர் பத்தொன்பதாயிரத்துக்குக் கிடைத்தது. என் அழகும் அவன் வேகமும் ஒரே கண்ணாடியில் அடங்கின. 4070 பட்டியலிலிருந்து விழுந்தது. ஒரு நாள் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

பிராசசரில் அதிகம் சண்டையில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் மின்னழுத்தக் கோளாறால் தடுமாறுகிற செய்தி அந்த மாதங்களில்தான் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்த விலையில் இருந்த பிராசசருக்கு அது பெரிய சிக்கலாக இருந்திருக்காது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டியில் இரண்டு வழிகள் இருந்தன. பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். பழைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 போட்டால், பாகங்களை இணைக்கிற மதர்போர்டு, டிடிஆர்4 ராம் (தற்காலிக நினைவகம்) எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் வரை மிச்சம். புதிய ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7600 என்றால் புதுவகை டிடிஆர்5 தவிர வேறு ராம் சேராது.

மிச்சப்படுத்துகிற பக்கம்தான் முதலில் சாய்ந்தேன். ஏஎம்4 மதர்போர்டு வைத்திருந்த என் நண்பன் ஒருவன்தான் மனதை மாற்றினான். 2018இல் வாங்கிய மதர்போர்டில், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்தி இன்றும் சுகமாக விளையாடுகிறான். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பன்னிரண்டாயிரம் கொடுத்து அந்த நண்பனின் அதிர்ஷ்டத்தை முன்பதிவு செய்துகொண்டேன். 7600இல் சின்ன கிராபிக்ஸ் ஒன்று உள்ளேயே இருக்கிறது. விளையாட உதவாது. கார்டு பழுதானால் திரையில் ஏதாவது தெரியுமே, அதற்கு உதவும்.

கார்டுக்குத்தான் இரண்டு வாரம் போனது. பையன் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான். முப்பதாயிரம், பில் இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டைக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டுகிற "சுரங்கம் தோண்டுவதை" முடித்து வைத்தபோது, அப்படி உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. இது அந்தக் கூட்டத்தில் ஒன்றா, தெரியாது. 320 வாட் குடிக்கிற, வாரண்டி முடிந்த பொருளை அக்கா பணத்தில் வாங்க எனக்குத் துணிவில்லை.

கடைசியில் இரண்டு நின்றன. 12 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6750 எக்ஸ்டி, 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060. 1440 திரைக்கு 12 ஜிபிதான் சரி என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் முதலாவது 250 வாட், இரண்டாவது 115 வாட். அந்த 135 வாட் வித்தியாசம் எங்கே போகும்? அறைக்குள்தான் போகும். திருச்சி மே மாதத்தில், ஏசி இல்லாத மாடி அறையில், இன்னொரு அடுப்பு. நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 24 யூனிட் கூடும். 4060ஐத் தேர்ந்தெடுத்தேன். பிறகு ஒன்றிரண்டு புது விளையாட்டுகளில் டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்) தரத்தை ஒரு படி இறக்க வேண்டி வந்தது. அப்போதெல்லாம் பையன் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. "8 ஜிபி" என்று முனகுவது மட்டும் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலை சென்னை எழும்பூரில் இறங்கினோம். கணினிப் பாகங்கள் விற்கிற ரிச்சி தெருவில் கடைகள் திறக்கப் பத்து மணிக்கு மேலாகும் என்பதை மறந்துவிட்டதால் மூன்று டீ, இரண்டு பொங்கல். முதல் கடையில் எங்கள் பட்டியலைப் பார்த்தவர் எஸ்எம்பிஎஸ் வரியில் விரலை வைத்தார். "இதற்கு எதற்கு ஐயாயிரம்? கேபினெட்டோடு 450 வாட் தருகிறேன், இலவசம்." கையில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் கனம்கூட இல்லை. தரச்சான்று எதுவுமில்லை, ஸ்டிக்கரில் 450 என்ற எண் மட்டும் பெரிதாக இருந்தது. அடுத்து, பில் இல்லாமல் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார். பில் இல்லாவிட்டால் மூன்று வருட வாரண்டிக்கு எந்தக் காகிதத்தை நீட்டுவது? வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். எங்கள் பாகங்கள் முழுப் பளுவில் 250 வாட்டைத் தாண்டாது. நல்ல 550 போதும். பின்னாளில் கார்டு மாறும் என்று 650 வாட் ப்ரான்ஸ் எடுத்தோம். ப்ரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, உள்ளே இருக்கிற உதிரிபாகத்தின் தரத்துக்கான சான்று அல்ல. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது கடைக்காரர் பொறுமைசாலி. நான்கு 8 ஜிபி ராம் கேட்டவனை, டிடிஆர்5இல் நான்கு போட்டால் வேகம் குறையும் என்று சொல்லி இரண்டு 16 ஜிபிக்கு மாற்றினார். கண்ணாடி முகப்புக் கேபினெட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வலை முகப்புள்ளதைக் காட்டினார். "உங்கள் ஊர் வெயிலுக்குக் காற்று போகட்டும்." சாக்கெட்டின் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடாதீர்கள், ஏஎம்5இல் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி வேண்டும் என்றார். இன்றும் அது பூஜை அலமாரியில் இருக்கிறது. மொத்தம் ஒரு லட்சத்து ஆறாயிரம். அந்த ஆறாயிரம் வீட்டுக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்கள். பையன் சம்மதிக்கவில்லை. பல்லவன் ரயிலில் 27 அங்குல மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி வரை வந்த என் முட்டியைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பூட்டுவதற்கு ஐந்து மணி நேரம். பிராசசரோடு வந்த ஃபேனை மாட்ட, மதர்போர்டில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம். பொத்தானை அழுத்தினோம். ஃபேன் எல்லாம் சுற்றின. திரை கருப்பு. அணைத்துப் போட்டோம், கருப்பு. மறுபடியும் அணைத்தோம். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் மனதுக்குள் ஒரு லட்சத்து ஆறாயிரத்தை எழுத்தால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவன் கைப்பேசியில் படித்துச் சொன்னான். ஏஎம்5 மதர்போர்டு முதல்முறை ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்து, அதை முதலிலிருந்து தொடங்க வைத்தது நாங்கள்தான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். வெளிச்சம் வந்தது.

ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் இயக்காததால் 6000 ராம் 4800இல் ஓடிக்கொண்டிருந்ததை அடுத்த நாள் சரிசெய்தோம். இன்னொன்று தெரிய ஒரு வாரம் ஆனது. "165 ஹெர்ட்ஸ் எவ்வளவு மென்மையாக இருக்கிறது பாருங்கள் மாமா, பழைய திரையில் எப்படித்தான் விளையாடினேனோ" என்று அவன் அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாம் நாள் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டு எதுவும் பேசாமல் கீழே இறங்கினேன். பத்து நிமிடத்தில் மாடியிலிருந்து ஒரு கூச்சல்.

ஏழு பட்டியல் எழுதியும் ஒன்றை விட்டிருந்தோம். ஒரு மாலை அவன் ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. மூன்று வருடப் பழைய பேட்டரியோடு இருந்த 600 விஏ யுபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு உயிரைவிட்டது. இருட்டில் கீழேயிருந்து மனைவியின் குரல்:

"தம்பி, எழுதிக்கொண்டிருந்த பாடம் போய்விட்டதா?"

அவன் என் பக்கம் திரும்புவது தெரிந்தது.

"சேமித்துவிட்டான்" என்றேன். அந்த வாரமே 1100 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கினோம். அதுவும் படிப்புக்குத்தான்.