லிஸ்பன், மே மாதம்

மே 7
இன்றும் கடிதம் இல்லை.

மே 9
ஒப்பந்தம் செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் வீட்டுக்காரர் 120 நாள் முன்பே பதிவுத் தபாலில் சொல்லியாக வேண்டும், சட்டம் அப்படி. ஜூன் 2 தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வாசலில் வரிசையாகத் தபால்பெட்டிகள். பெயர் எழுதியிருப்பது எங்களுடையதிலும் மேல்மாடிப் பாட்டியுடையதிலும் மட்டும்தான். மற்றவற்றில் பீட்சா கடை விளம்பரங்கள் பிதுங்கிக் கிடக்கின்றன, எடுக்க ஆள் இல்லை. அந்த வீடுகள் பூட்டியும் இல்லை, ராத்திரி பகல் என்று படிக்கட்டில் பெட்டி உருட்டும் சத்தம்தான். ஆனால் மூன்று ராத்திரி தங்க வருபவருக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள்?

மே 13
சுற்றுலாக்காரர்கள் 11 மணிக்குக் காலி செய்கிறார்கள், 3 மணிக்கு அடுத்தவர் வந்துவிடுவார். அதற்குள் மூன்று வீடு துடைக்க வேண்டும். இன்று போன வீட்டு ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கொடி அப்படியே இருக்கிறது, கப்பி துருப்பிடித்து, வெயிலில் வெளுத்த கிளிப்புகள் நாலைந்து அதில் தொங்க. யார் வீடாக இருந்ததோ. எனக்கு இந்த வேலையும் வேண்டும், இந்த ஊரில் குடியிருக்க ஒரு வீடும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பேராசையா?

மே 14
இல்லை.

மே 20
பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக 28ஆம் நம்பர் டிராமுக்கு நின்றோம். மூன்று வண்டி நிற்காமலே போயின, உள்ளே நிற்கக்கூட இடமில்லை, எல்லார் கையிலும் கேமரா. லிஸ்பனில் குடியிருக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கு 2022இலிருந்து பயணம் இலவசம். ஏற முடியாதவருக்கு அந்த இலவசத்தால் என்ன பயன்? மேட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். வழியெல்லாம் டுக்-டுக் ஹாரன். இந்தச் சந்தில் ஆட்டோவுக்கு ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

மே 24
தூக்கம் வரவில்லை. வாடகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படுக்கையறை வீடு 1,000 யூரோவுக்குக் கீழே கண்ணில் படவில்லை. 2025க்கான குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 870. எங்கள் பழைய பேட்டையான இந்த அல்ஃபாமாவில் 2018இலிருந்து புதிதாகச் சுற்றுலா வாடகை உரிமம் கொடுப்பதில்லை, வீணாகப் பயப்படாதே என்கிறார் இவர். சரி. ஆனால் வெளிநாட்டுச் சம்பளத்தோடு வந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறவருக்கு மாத வாடகைக்கு விட அந்த உரிமம் எதற்கு? அதற்கு இவரிடம் பதில் இல்லை, தூங்கிவிட்டார்.

மே 29
பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். கடன் நெருக்கடி நேரத்தில், 2012இல், வாடகைச் சட்டத்தை வீட்டுக்காரர்களுக்குச் சாதகமாகத் தளர்த்தினார்கள். அதே வருஷம்தான் வெளிநாட்டுக்காரர் 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் குடியிருப்பு அனுமதி என்ற திட்டமும் வந்தது. சொத்து வாங்கி அனுமதி பெறும் வழியை 2023இல் மூடினார்கள், அதற்குள் இந்தச் சந்தில் பழைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ஆற்றுக்கு அக்கரைக்கும் புறநகருக்கும் போயாகிவிட்டது. பாட்டியின் ஒப்பந்தம் மிகப் பழையது, வயதும் ஆகிவிட்டது, அவரை லேசில் கிளப்ப முடியாது. "நீயும் போய்விட்டால் நான் விழுந்து கிடந்தால்கூட யாருக்கு மகளே தெரியும்?" என்றார். பூகம்பத்தில் 1755இல் ஊரே சரிந்தபோதும் அல்ஃபாமா பெரும்பாலும் தப்பித்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். சுவர்தானே தப்பித்தது. ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் அது என்ன தெரு!

ஜூன் 1
சாந்து அந்தோனியு, அதாவது புனித அந்தோணியார் திருவிழாவுக்குக் காகிதத் தோரணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி 12ஆம் தேதி ராத்திரி வாசலில் மேசை போட்டு ஜிஞ்ஜா என்ற செர்ரி மது விற்பார், நான் மத்தி சுடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 2
வரவில்லை! வரவில்லை!

ஜூன் 3
வீட்டுக்காரர் போன் செய்தார். வியாழக்கிழமை 11 மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறாராம். கூட இன்னொருவரும் வருவாராம், அளவு எடுக்க. எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.