பொன்னாடையும் மைக்ரேஷன் சான்றிதழும்

தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணி ஓய்வு பெறுவோரில் கணிசமானவர்கள் மே 31 அல்லது ஜூன் 30 அன்றே விடைபெறுகிறார்கள். இதற்குச் சோதிடக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்த பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்ன தலைமையாசிரியர்கள், காது எட்டியவுடன் ஐந்து வயது நிறைந்ததாக முடிவு செய்து, ஜூன் மாதச் சேர்க்கைக்குப் பொருந்தும்படி ஒரு பிறந்த நாளைத் தாமே எழுதிக்கொண்டார்கள். அவ்வாறு பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள் பல பத்தாண்டுகள் கழித்து, அதே சேர்க்கைக் காலத்தில், பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவிலிருந்து கூட்டமாக வெளியேறுகிறார்கள். ஆண்டு முழுவதும் இருந்த அனுபவசாலிகள், வாசலில் வரிசை நீளும் வாரத்தில் மாலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நான் அத்தகைய ஒரு பிரிவில் தபால் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தென்மாவட்டம் ஒன்றில் இருக்கிறது என்பது போதும். எங்கள் கண்காணிப்பாளரின் பணி ஓய்வு 2022-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் நிகழ்ந்தது. உண்மையில் அது 2020-இலேயே நிகழ்ந்திருக்க வேண்டியது. அவருக்கு 58 வயது நிறைய ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தபோது ஓய்வு வயது 59 ஆயிற்று. 59 நிறையும் முன்பே அது 60 ஆயிற்று. அவர் இரண்டு முறையும் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதை எவராலும் கண்டறிய முடியவில்லை. வருந்தியவர் விழாக் குழுச் செயலாளர்தான். ஏனெனில், அவ்வாண்டு ஓய்வு பெறுவோர் அனைவருக்கும் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்று 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சுவர்க் கடிகாரங்களை வாங்கி, பெயர் பொறித்து, பரிசுத் தாளும் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துவிட்டார். பெயருக்குக் கீழே ஓய்வு பெறும் நாளையும் பொறித்திருந்ததால் பின்னர் இரண்டு முறை அதன்மேல் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

கண்காணிப்பாளரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எந்த வாரியத்தில் படித்தவருக்கு எந்தச் சான்றிதழ் தேவை என்பது விதிமுறைப் புத்தகத்தில் இருந்தாலும், எங்கள் பிரிவில் அது அவருடைய நினைவில்தான் இருந்தது. தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் மாற்றுச் சான்றிதழோடு வந்தால் போதும். பிற மாநில வாரியத்தில் படித்தவருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ், அதாவது எல்லாரும் மைக்ரேஷன் என்று சொல்வது, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ். வெளிநாட்டுப் படிப்பு என்றால், அது இங்குள்ள படிப்புக்கு இணையானது என்று டெல்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சான்றிதழ். இவற்றையெல்லாம் அவர் தலை நிமிராமலே சொல்லுவார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வருகிறவர்களிடம் "அந்த சீட் லீவு" என்று சொல்லப்படும். விடுப்பு எடுத்தது நாற்காலியா மனிதரா என்று கேட்கும் தைரியம் பெற்றோர் எவருக்கும் இருந்ததில்லை.

அவருடைய கடைசி வாரத்தை விழுங்கியது அவரே உருவாக்கிய ஒரு படிவம். படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்கள் நூலகம், விடுதி, ஆய்வகம், விளையாட்டுத் துறை ஆகிய எல்லா இடங்களிலும் கையொப்பம் பெற்ற நிலுவையின்மைச் சான்றைக் கொடுத்தால்தான் மாற்றுச் சான்றிதழ் தரப்படும் என்பதில் அவர் அசையாதவர். "நான் விடுதியிலேயே தங்கவில்லை, சார்" என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகளை, "தங்கவில்லை என்று விடுதிக் காப்பாளர் எழுதித் தரட்டும்" என்று வெயிலில் அனுப்பிவைத்திருக்கிறார். ஓய்வு பெறும் பணியாளருக்கும் நிலுவையின்மைச் சான்று வேண்டும். அதற்கென்று தனிப் படிவம் இல்லாததால் நிர்வாகப் பிரிவினர் மாணவர் படிவத்தையே அவரிடம் நீட்டினார்கள். ஆகவே ஜூன் மாதத்தின் கடைசி நாள்களில், பணிக் காலத்தில் ஒருமுறைகூட மைதானத்தில் இறங்கியிராத எங்கள் கண்காணிப்பாளர், தாம் ஈட்டியோ பந்தோ எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதற்கு உடற்கல்வித் துறையின் கையொப்பத்தைப் பெறக் காத்திருந்தார். அங்கே கையொப்பமிட வேண்டியவர் மண்டலப் போட்டிக்குப் போயிருந்தார். "அந்த சீட் லீவு, சார்" என்று அங்கிருந்த அலுவலக உதவியாளர் பணிவுடன் தெரிவித்தாராம். இதை எங்களிடம் சொன்னவரும் அந்த உதவியாளரே.

அவர் இப்படிக் கட்டடம் கட்டடமாக அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பிரிவில் கூட்டம் பெருகியிருந்தது. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் ஜூன் 20-ஆம் நாள்தான் வெளிவந்தன. முடிவு வந்த மறுநாளிலிருந்தே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைகளும் அவர்களை விட அதிக எண்ணிக்கையில் பெற்றோரும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேரளத்தின் புனலூரில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மகள் கேரள வாரியத்தில் படித்து முந்தைய ஆண்டே பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். அவருக்கு எங்கள் சாளரத்தில் இரண்டு தடைகள் சொல்லப்பட்டிருந்தன. மைக்ரேஷன் சான்றிதழ் இல்லை என்பது ஒன்று. சாதிச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கிறது, விண்ணப்பத்தில் தென்காசி மாவட்டம் என்று இருக்கிறது, எது உண்மை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் "கண்காணிப்பாளரைப் பாருங்கள்" என்பதே விடையாகச் சொல்லப்பட்டது. கண்காணிப்பாளரோ உடற்கல்வித் துறையில் இருந்தார்.

எங்கள் பிரிவின் வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. மாணவர்களுக்கான அறிவிப்புகளுக்கும் பணியாளர் செய்திகளுக்கும் அந்த ஒன்றே இடம் என்பதால், இடமாறுதல் ஆணையும் உதவித்தொகைக்கான கடைசி நாளும் ஒன்றன்மீது ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். ஜூன் 30 அன்று காலையில் அதில் ஒட்டப்பட்ட தாளில், மாணவர் சேர்க்கைப் பிரிவின் சார்பில் இன்று பிற்பகல் 3 மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் நடைபெறும் நிகழ்வில் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. நிகழ்வு என்ன, யாருக்கு என்ற கீழ்ப்பகுதியை, புதுமைக்கு எப்போதும் முந்திக்கொள்ளும் உதவித்தொகைப் பிரிவினர் தங்கள் தாளால் மூடிவிட்டிருந்தார்கள். இரண்டரை மணிக்குச் சாளரங்கள் அடைக்கப்பட்டபோது தேநீர்க்கடைக்காரர், இனி யாரைப் பார்ப்பது என்று அலுவலக உதவியாளரிடம் கேட்டிருக்கிறார். "எல்லா அதிகாரிகளும் ஹாலுக்குத்தான் வருவார்கள், அண்ணாச்சி" என்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் கோப்பு உறையோடு கூடத்துக்கு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தார். கூட்டம் நடக்கும் இடத்தில் லட்டும் மிக்சரும் வாழைப்பழமும் அடங்கிய பொட்டலம் ஒன்று கைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் மாணவர் சேர்க்கை இத்தனை மரியாதையாக நடத்தப்படுகிறதே என்று தாம் நினைத்ததாகப் பின்னர் கூறினார். பாராட்டுரைகள் தொடங்கின. பேசிய ஒவ்வொருவரும் கண்காணிப்பாளரை "இந்தப் பிரிவின் தூண்" என்று வருணித்தார்கள். தூணை எடுத்துவிட்டால் கூரை என்னவாகும் என்ற கவலை ஒருவர் பேச்சிலும் இல்லை. அவருடைய இடத்தில் யார் அமர்வது என்ற ஆணை அந்த நேரம் வரையில் வந்திருக்கவும் இல்லை.

உறவினர் சார்பில் பொன்னாடை அணிவிக்கும் கட்டம் வந்தது. கண்காணிப்பாளரின் மைத்துனர் ஊரிலிருந்து வருவார் என்று விழாக் குழுச் செயலாளரிடம் சொல்லப்பட்டிருந்தது; அவரை இதற்கு முன்பு பார்த்தவர் எங்களில் எவரும் இல்லை; பேருந்து தாமதமானதால் அவர் அப்போது எங்கோ வழியில் இருந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் வெள்ளை வேட்டியோடு, எங்களுக்குப் பழக்கமில்லாத முகமாக, பேசுகிற ஒவ்வொருவரையும் கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் தேநீர்க்கடைக்காரர்தான். (எங்களில் யாரும் அப்படிக் கவனிக்கவில்லை என்பதை அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்வதே முறை.) "ஊரிலிருந்து வந்திருக்கும் அண்ணாச்சியை மேடைக்கு அழைக்கிறோம்" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்து அவரை நோக்கிக் கை நீட்டினார். தம்முடைய முறை வந்துவிட்டது என்று அவர் உறையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

கையில் பொன்னாடை கொடுக்கப்பட்டது. அவர் தயங்கவில்லை, பெரிய மனிதருக்குப் பொன்னாடை போட்டுவிட்டு விண்ணப்பத்தைக் கொடுப்பது நம் நாட்டில் கேள்விப்படாத நடைமுறை அல்லவே. கண்காணிப்பாளருக்கு அதை அணிவித்து, கைகூப்பி, "ஐயா, என் மகளுக்கு மைக்ரேஷன் இல்லை என்கிறார்கள்" என்றார். ஒலிபெருக்கி இருவருக்கும் நடுவில் இருந்தது.

கூடம் அமைதியாயிற்று. தலைமை வகித்த பதிவாளர் தம் கைபேசியிலிருந்து தலையை உயர்த்தினார். எங்கள் கண்காணிப்பாளரோ, சந்தன மாலையும் இரண்டு பொன்னாடைகளும் கழுத்தில் இருக்க, இயல்பாகக் கையை நீட்டி, "எந்த வாரியம்?" என்று கேட்டார். கேரளம் என்றவுடன் உறையை வாங்கி மதிப்பெண் சான்றிதழை உருவினார். அது லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. அவர் சற்று நேரம் அதன் கனத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார். மறுபக்கத்தில் மைக்ரேஷன் சான்றிதழ் இருந்தது. ஊரில் நகல் எடுக்கும் கடைக்காரர், இரண்டு தாளுக்கு இரண்டு உறை எதற்கு என்று முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். எங்கள் சாளரத்தில் அது பல கைகளுக்குப் போய்த் திரும்பியிருந்தும், எவரும் அதைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. பதிவாளர் எங்கள் வரிசையை நோக்கினார். நாங்கள் அனைவரும் மின்விசிறியை நோக்கினோம்.

"அசலை லேமினேஷன் செய்யக் கூடாது, அண்ணாச்சி, பின்னால் முத்திரை வைக்க முடியாமல் போகும்" என்று கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியிலேயே விளக்கினார். அடுத்து சாதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி நாளைப் பார்த்தார். "இது 2016-இல் தந்தது. தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டது 2019 நவம்பரில். 2016-இல் தென்காசி மாவட்டம் என்று எழுதியிருந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்" என்றார். பாராட்டுரைகளுக்குக் கிடைத்ததை விடப் பெரிய கைதட்டல் அப்போது எழுந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. தகுதிச் சான்றிதழுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, அதற்கான கட்டணத்தை எங்கே செலுத்த வேண்டும், ஓராண்டு இடைவெளி இருப்பதால் அதற்கு விளக்கக் கடிதம் ஒன்று வேண்டும் என்று எல்லாவற்றையும் வாழ்த்து மடலின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த மடல் அவருக்காகச் சட்டமிடப்பட இருந்தது என்பதைச் செயலாளர் சொல்ல வாயெடுத்தபோது காலம் கடந்திருந்தது. உண்மையான மைத்துனர் அந்தக் கட்டத்தில்தான் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். அவருக்குப் பொன்னாடை மிஞ்சவில்லை.

மறுநாள் முதல் கண்காணிப்பாளர் பணியிடம் தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கப்பட்டது. அவர் மதிப்பெண் பட்டியலை அறிந்தவர். சேர்க்கையை அறிந்தவர் அல்லர். சாளரத்துக்கு வந்த எவரும் "கண்காணிப்பாளரைப் பாருங்கள்" என்று அனுப்பப்படவில்லை. அப்படி அனுப்பினால் அவர் எங்களிடமே திருப்பி அனுப்பிவிடுவார் என்று தெரிந்திருந்தது. லேமினேஷன் செய்த தாள் எது வந்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது மட்டும் எங்கள் எல்லாருக்கும் பழக்கமாயிற்று.

அந்தப் பெண்ணுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, சேர்க்கையும் முடிந்தது. பணியாளர் செய்திகளில் விழாப் படம் ஒட்டப்பட்டபோது, பொன்னாடை அணிவிக்கும் காட்சிக்குக் கீழே "குடும்பத்தினர்" என்று எழுதப்பட்டிருந்தது. கட்டணம் செலுத்த வந்த தேநீர்க்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தமக்கு ஒரு பிரதி வேண்டும் என்று சாளரத்தில் கேட்டார். எழுத்தில் கொடுக்கச் சொன்னோம். அவரும் அங்கேயே நின்று, பொருள், பார்வை எல்லாம் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்தார். நான் அதைத் தபால் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுத்துவிட்டேன். அது எந்த சீட்டுக்குப் போக வேண்டியது என்பதில் சேர்க்கைப் பிரிவுக்கும் நிர்வாகப் பிரிவுக்கும் இடையே குறிப்பாணைகள் இன்னும் போய்வந்துகொண்டிருக்கின்றன.